நுண்பொருள் தொழிற்சாலை – 9: எடுத்ததைக் கீழே வைப்பது எப்படி?

மெக்கானிக்கல் கைக்கடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால் ஆங்காங்கே சிவப்புப் புள்ளிகள் மின்னும். அலங்காரத்துக்காகப் பதித்தவை அல்ல. பல்சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்குத் தாங்கிகளாக நிற்கும் செயற்கை மாணிக்கக் கற்கள் அவை. சில கற்கள் ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். சாமணத்தின் பிடி கொஞ்சம் இறுகினாலும் கல் தெறித்து ஓடும். முனை உரசினால் பக்கத்துச் சக்கரத்தில் கீறல் விழும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. எடுத்த பொருள் கீழே இறங்க மறுக்கும்!

ஒரு பொருளின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் அதன் எடை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். ஒட்டும் விசைகள் அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. நிலைமின்சாரம், காற்றின் ஈரத்தால் வரும் பரப்பு இழுவிசை, மூலக்கூறுகளுக்கு இடையிலான வான்டர் வால்ஸ் விசை ஆகியவை, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய பொருளின் எடையை வென்றுவிடக்கூடும். சாமணத்தைத் திறந்தாலும் பொருள் ஒரு முனையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். உதறினால் எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்கப் பொறியியலாளர் ரொனால்ட் ஃபியரிங் 1995இலேயே இந்த ஒட்டும் சிக்கலை விரிவாக ஆராய்ந்து எழுதினார்.

தொடாவிட்டால் ஒட்டாது. பொறியாளர்கள் பிடித்துக்கொண்ட வழி அதுதான்.

சில்லு, சோலார் தொழிற்சாலைகளில் இது ஏற்கெனவே நடக்கிறது. சோலார் செல்லுக்கான சிலிக்கான் தகட்டின் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவு. பெர்னூலி பிடிப்பான் அந்தத் தகட்டின் மேல் காற்றை ஊதுகிறது. காற்று இடுக்கு வழியே நாலாபுறமும் விரைந்து பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து தகடு மேலே எழும்புகிறது. ஆனாலும் பாய்கிற காற்றே நடுவில் நின்று அதை ஒட்டவிடாமல் தடுக்கிறது. ஊதித் தள்ளாமல், ஊதியே தூக்குகிறார்கள்!

தட்டையான தகட்டுக்கு இது சரி. மாணிக்கக் கல்லுக்கும் குட்டிப் பல்சக்கரத்துக்கும் என்ன செய்வது?

அங்கே ஒலி கைகொடுக்கிறது. எதிரெதிராக வரும் ஒலியலைகள் மோதி நிலை அலையாகும்போது, அழுத்தம் ஏறி இறங்காத கணுக்கள் உருவாகின்றன. சிறு பொருள் அந்தக் கணுவை ஒட்டியே மிதக்கும். 1933இல் பியூக்ஸ், மியுல்லர் என்ற இரு ஜெர்மானியர்கள் ஆல்கஹால் துளிகளை இப்படி மிதக்கவிட்டார்கள்.

சுவிட்சர்லாந்தின் ஜூரிக் இ.டி.எச். பல்கலைக்கழகத்தில் மார்செல் ஷுக் என்ற ஆய்வாளர் இதை ரோபோ கைக்குக் கொண்டுவந்தார். பெரிய ஹெட்போன் போன்ற இரண்டு அரைக்கோளங்கள். உட்புறம் முழுக்கச் சிறு ஒலிபெருக்கிகள். ஒவ்வொன்றும் எந்தக் கணத்தில் அதிர வேண்டும் என்பதைக் கணினி மாற்ற மாற்ற, பொருளைத் தாங்கும் இடமும் நகர்கிறது. வழக்கமான ரோபோவுக்குப் பொருளின் வடிவத்துக்கு ஏற்பப் பிடிப்பானை மாற்ற வேண்டும். இங்கே மென்பொருளில் அலையை மாற்றினால் போதும். வைக்கும் இடத்தில் ஒலியைத் தணித்தால் பொருள் இறங்கிவிடும்.

வரம்புகளும் உண்டு. இத்தகைய கருவிகளில் பரவலாகப் பயன்படும் 40 கிலோஹெர்ட்ஸ் மீயொலிக்குக் காற்றில் அலைநீளம் சுமார் 8.6 மில்லிமீட்டர். பொருள் அதில் பாதியைவிடச் சிறிதாக இருந்தால்தான் கணுவில் நன்றாக நிற்கும். அடர்த்தியான உலோகத்துக்கு ஒலியின் வலிமையைக் கூட்ட வேண்டும். மேசைமேல் கிடக்கும் பொருளை எடுக்கப்போனால், மேசையிலிருந்து எதிரொலிக்கும் அலைகள் கணக்கைக் குலைக்கும். கடிகாரத் தொழிலும் சில்லுத் தொழிலும் இந்த மூன்றையும் கடக்கக் காத்திருக்கின்றன.

மைக்ரோமீட்டர் அளவுக்கு இறங்கினால் இன்னொரு கருவி தயாராக இருக்கிறது: ஒளி. லேசர் கற்றையால் நுண்துகளைப் பிடித்துவைத்த ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018இல், அவருடைய 96ஆம் வயதில், நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஒளிச் சாமணம் எப்படி வேலை செய்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)