புயலுக்குத் தப்பிய கார், சாவிக்குத் தப்புமா?

பந்தல்குடி வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டையில் இருந்து தூத்துக்குடிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு.

மழைக்கு ஏங்கும் ஊர் இது. ஆனால் வருகிற மழை சில வேளை தனியாக வருவது இல்லை. காற்றையும் கூட்டிக்கொண்டு வரும். சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் சூறைக்காற்று அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் பிறக்கும்.

வீட்டுக்குள் இருக்கிற மனிதன் தப்பித்துக்கொள்வான். தொழுவத்தில் கட்டிய மாடும் தப்பும். வேப்பமரத்து அடியில் நிற்கிற பழைய கார் என்ன செய்யும்?

கிராமத்தில் பழைய வண்டிக்கு என்று கொட்டகை போடுகிறவர்கள் குறைவு. அப்பா வாங்கிய அம்பாசிடர், தாத்தா ஓட்டிய ஜீப், ஒரு காலத்தில் பருத்தி மூட்டை ஏற்றிய வேன் எல்லாம் மரத்தடியில்தான் நிற்கும். நிழல் இருக்கிறதே என்று நிறுத்துவார்கள். நிழல் தந்த கிளையே ஒரு ராத்திரி முறிந்து காரின் தலையில் விழும். ஓடை பெருகினால் தண்ணீர் கதவு வரை ஏறும்.

பொழுது விடிந்ததும் வீட்டுக்காரர் ஓடி வருவார். கூரை நசுங்கி இருக்கும். கண்ணாடி உடைந்து இருக்கும். சீட்டு ஊறிக் கிடக்கும். அவருக்கு மனசு கேட்காது. "என்ஜின் ஓடுகிறதா, பார்த்துவிடுவோம்" என்று சாவியைப் போட்டுத் திருகுவார்.

கார் சாவது அப்போதுதான். அதைக் கொன்றது புயல் அல்ல.

தண்ணீர் நசுங்காது

என்ஜினுக்குள் உருண்டையான அறைகள் இருக்கின்றன. அவற்றுக்கு சிலிண்டர் என்று பெயர். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. அது மேலே போகும்போது, உள்ளே இருக்கிற காற்றையும் பெட்ரோல் ஆவியையும் நசுக்குகிறது. பழைய பெட்ரோல் காரில் ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு ஆகும் வரை நசுக்கும்.

காற்று நசுங்கும். தண்ணீர் நசுங்காது.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் இறங்கும். அதே பம்பில் தண்ணீரை நிரப்பிவிட்டு அழுத்துங்கள். இம்மியும் இறங்காது.

தண்ணீர் புகுந்த என்ஜினிலும் இதே கதைதான். பிஸ்டன் மேலே போகப் பார்க்கும். தண்ணீர் வழிவிடாது. நடுவில் அகப்பட்டுக்கொள்வது பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு. அது வளைந்துவிடும். சில வேளை ஒடிந்து, என்ஜினின் பக்கச் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். டீசல் வண்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதில் நசுங்கும் இடம் மிகவும் சிறியது. கொஞ்சம் தண்ணீரே போதும், காரியம் கெட்டுவிடும்.

புதுக் கார் என்றால் புதுச் சாமான் வாங்கிப் போடலாம். அம்பாசிடர் கார் மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்ற இடத்தில் செய்யப்பட்டது. 1958 வாக்கில் ஆரம்பித்த உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினி அதற்கு முன்பே நின்றுவிட்டது. இவற்றுக்குச் சாமான் வேண்டும் என்றால் பழைய கடைகளில் தேட வேண்டும். அல்லது, உடைத்து விற்கும் இன்னொரு காரில் இருந்து கழற்ற வேண்டும். ஒரு விநாடி அவசரத்துக்கு ஆறு மாதம் அலைச்சல்!

மூன்று டிசம்பர்கள்

2015-ம் ஆண்டு டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னையில் அடையாறு பெருகி ஊருக்குள் புகுந்தது. தெருவில் நின்ற கார்கள் முழுகின. வெள்ளம் வடிந்ததும் கார் கம்பெனிகள் முதலில் சொன்னது, "வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்பதுதான். அடுத்த ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி அதே சென்னையில் வார்தா புயல் அடித்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கார்கள் அவற்றின் அடியில் அகப்பட்டு நசுங்கின.

பிறகு தெற்குச் சீமையின் முறை வந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் வானம் உடைந்ததுபோல மழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்! பந்தல்குடி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் சராசரியாக ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையே அவ்வளவு இல்லை.

பழைய இரும்பு வாங்கும் கடையைத் தமிழ்நாட்டில் "காயலான் கடை" என்கிறோம். காயல்பட்டினத்து வியாபாரிகளை வைத்து வந்த பெயர் என்று சொல்வார்கள். புயல் அடித்தால் போதும், ஊர் ஊராகப் பழைய வண்டிகள் அந்தக் கடைக்குத்தான் போகின்றன. கிலோ கணக்கில் எடை போட்டுக் காசு கொடுப்பார்கள். சேறு படிந்து நிற்கும் வண்டியைப் பார்க்கப் பார்க்க, "தொலையட்டும்" என்று கொடுத்துவிடத் தோன்றும். ஆனால் சாவியைத் திருகாத கார் என்றால் முக்கால்வாசி பிழைத்துக்கொள்ளும்.

கிளையை இழுக்காதே

மரம் விழுந்திருந்தால் முதலில் காரைப் பார்க்கக் கூடாது. மேலே பார்க்க வேண்டும். மின்சாரக் கம்பி அறுந்து கிளையில் கிடக்கிறதா? கிடந்தால் கிட்டேயே போகக் கூடாது. மின் வாரியத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, குழந்தைகளைத் தூரத்தில் நிறுத்த வேண்டும்.

கம்பி இல்லை என்று தெரிந்த பிறகு, நாலு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். பின்னால் உதவும்.

கிளையைக் கயிறு கட்டி இழுப்பது நம் ஊர் வழக்கம். அது தப்பு. இழுத்தால் பட்டை உராய்ந்து பெயிண்டைச் சீவிவிடும். உடையாத கண்ணாடியும் உடையும். நுனியில் இருந்து ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, பாரத்தைக் குறைத்து, கடைசிக் கட்டையை நாலு பேர் தூக்கி எடுக்க வேண்டும்.

கதவைத் திறக்கும்போது கையில் ஒரு கம்பு இருக்கட்டும். மழைக்குப் பயந்து பாம்பும் தேளும் காருக்குள் குடியேறி இருக்கும்.

நசுங்கிய கூரையைப் பார்த்துக் கலங்க வேண்டியது இல்லை. பழைய காரின் தகடு கனமானது. கை தேர்ந்த டிங்கர் உள்ளே இருந்து தட்டித் தட்டியே நிமிர்த்திவிடுவார். வெட்டிப் புதுத் தகடு வைப்பதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம்.

என்ஜினுக்கு வைத்தியம்

பாட்டரியில் இருந்து பாடிக்குப் போகும் வயரை முதலில் கழற்ற வேண்டும். அடுத்தது மற்ற வயர். பழைய கார்களில் நூல் சுற்றிய வயர்கள் இருக்கும். ஈரத்தில் அவை ஒன்றோடு ஒன்று சேர்ந்து தீப்பிடிக்கும்.

பிறகு ஆயில் அளக்கும் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் கருப்பாக, தெளிவாக இருந்தால் நல்லது. பால் விட்ட டீ போல வெளுத்து இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. அடியில் இருக்கும் போல்ட்டைத் திறந்தால், தண்ணீர் கனமானது ஆகையால் முதலில் அதுதான் வரும். பின்னால் ஆயில் வரும். எல்லாவற்றையும் வடிய விட வேண்டும். கியர் பெட்டிக்கும், பின்பக்கம் கிரௌன் பெட்டிக்கும் இதே சோதனை உண்டு.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, என்ஜினைக் கையால் சுற்ற வேண்டும். பழைய கார்களில் முன்னால் கம்பி விட்டுச் சுற்றும் வசதி உண்டு. அது இல்லை என்றால், டாப் கியரில் போட்டு மெல்லத் தள்ளினாலும் சுற்றும். உள்ளே தண்ணீர் இருந்தால் பிளக் துளை வழியாகப் பீய்ச்சி அடிக்கும். முகத்தைக் காட்டக் கூடாது! வடிந்த பிறகு ஒவ்வொரு துளையிலும் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடியும் சுற்றினால், உள்ளே துரு பிடிக்காது.

டீசல் என்ஜினுக்கு இந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. டைனமோ, ஸ்டார்ட்டர் இரண்டையும் எலக்ட்ரீஷியன் பிரித்துக் காயவைக்க வேண்டும். பிரேக்கைச் சோதிக்காமல் வண்டியை ரோட்டில் ஏற்றக் கூடாது. புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டிய பிறகு, அந்த ஆயிலையும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். செலவுதான். என்ன செய்வது? கனெக்டிங் ராடு வளைந்தால் ஆகும் செலவுக்கு இது எவ்வளவோ மேல்.

கரிசல் சேறும் வேப்பிலையும்

கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. நனைந்தால் பசை. காய்ந்தால் கல். ஈரத்தை அது லேசில் விடாது. பயிருக்கு அது வரம். காருக்குச் சாபம்.

மட்கார்டின் உள்பக்கமும், அடிச்சட்டத்தின் இடுக்கும் சேறு பிடித்து நிற்கும். மேலே பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும். உள்ளே வாரக்கணக்கில் ஈரம் இருக்கும். அந்த இடத்தில் தகடு பொரிந்து, ஒரு நாள் விரலால் குத்தினாலே ஓட்டை விழும். ஆகவே சேறு காய்வதற்கு முன்பே அடியில் தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும். காய்ந்த சேற்றைத் துணியால் தேய்க்கக் கூடாது. பெயிண்டில் கீறல் விழும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பது இல்லை. கார்க் கதவின் அடி விளிம்பில் சின்னத் துளைகள் இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேறும். வேப்பமரத்து அடியில் நிற்கிற வண்டியில் இலையும் பூவும் சேர்ந்து அந்தத் துளையை அடைத்துவிடும். கதவு தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். ஒரு துடைப்பக் குச்சி இருந்தால் போதும், குத்தித் திறந்துவிடலாம்.

சீட்டு, கால் விரிப்பு, அதற்கு அடியில் இருக்கும் சணல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் உலர்த்த வேண்டும். உச்சி வெயிலில் போட்டால் தோலும் ரெக்சினும் வெடித்துவிடும்.

தார்ப்பாய் போட்டு மூடினால் பத்திரம் என்று நினைக்கிறார்கள். கட்டாமல் போட்ட தார்ப்பாய் காற்றில் அடித்து அடித்து, புழுதியோடு சேர்ந்து உப்புத்தாள்போல் பெயிண்டைத் தேய்க்கும். இறுக்கிக் கட்டி மாதக்கணக்கில் விட்டால், உள்ளே புழுங்கித் துரு பிடிக்கும். எலிக்கும் அது சொகுசான வீடு. மழை விட்டதும் கழற்றிக் காற்றாட விட வேண்டும். மேட்டு நிலத்தில், சக்கரத்துக்கு அடியில் பலகைக் கல் போட்டு, கிளைக்கும் பனைக்கும் விலகி நிறுத்தினால் பாதிக் கவலை குறையும்.

இன்சூரன்சு கிடைக்குமா?

பழைய கார்தானே என்று பலர் மூன்றாம் நபர் இன்சூரன்சு மட்டும் கட்டுகிறார்கள். அதில் புயல் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. முழு இன்சூரன்சு இருந்தால்தான் கிடைக்கும். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு, அதன் மதிப்பைக் கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். பாலிசி எடுக்கும்போதே பேசிவிட வேண்டும். இங்கேயும் அந்தச் சாவிதான் குறுக்கே வரும். தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்ததால் என்ஜின் கெட்டது என்று தெரிந்தால், சாதாரண பாலிசியில் அந்த என்ஜினுக்குப் பணம் தர மறுப்பார்கள்.

50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. பெரிய மாற்றம் எதுவும் செய்யாத இருசக்கர வாகனத்தையும் காரையும் "விண்டேஜ்" வண்டியாகப் பதிவு செய்துகொள்ளலாம். நம்பரில் "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20 ஆயிரம் ரூபாய். 10 ஆண்டு செல்லும். அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் பழைய கார் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம்.

1970-ல் வாங்கிய அம்பாசிடர் ஒன்று இன்று மரத்தடியில் நின்றால், அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டது. அதை டிங்கரிடம் விடும்போது, பழைய விளக்கையும் பம்பரையும் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.