சிறுவெள்ளரி ஒப்பந்தமும் கைபேசி ஆலோசனையும்

காய்கறி பயிரிடும் சிறு நிலக்காரர்களுக்கு விளைவிப்பதிலுள்ள கஷ்டத்தைக் காட்டிலும் விற்பதிலுள்ள கஷ்டமே பெரிது என்பது யாவரும் அறிந்ததே. நெல்லைக் குதிரில் கொட்டி நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். தக்காளியையும் கத்தரியையும் அவ்வாறு வைத்திருத்தல் இயலாது. பறித்த காய் விரைவில் கைமாறியாக வேண்டுமென்பதை விற்பவரைப் போலவே வாங்குபவரும் நன்கறிவர். இக்குறைக்குப் பரிகாரமாக இக்காலத்தில் இரண்டு ஏற்பாடுகள் சொல்லப்படுகின்றன. விதைக்கும் முன்பே விலை பேசி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தச் சாகுபடி ஒன்று. கைபேசி வாயிலாகப் பயிர் ஆலோசனையும் சந்தை நிலவரமும் பெறுவது மற்றொன்று. சில இடங்களில் இரண்டையும் ஒரே கம்பெனியார் நடத்துகின்றனர். ஆதலால் இவற்றை ஒருசேர ஆராய்வது பொருத்தமாகும்.

ஒப்பந்தச் சாகுபடியின் போக்கை அறிவதற்குக் கெர்கின் என்னும் சிறுவெள்ளரியைவிட நல்ல உதாரணம் கிடையாது. இப்பயிர் 1990-களில் கர்நாடகத்தில் சிறிய அளவில் தொடங்கிப் பின்னர் தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா ஆகிய பகுதிகளிலும் பரவியது. காய்கள் காடியிலோ உப்புநீரிலோ பதப்படுத்தப்பட்டு அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. 2022 ஜனவரியில் மத்திய வர்த்தக அமைச்சகத்தார் வெளியிட்ட கணக்கின்படி, 2020-21-ஆம் ஆண்டில் வெள்ளரியும் சிறுவெள்ளரியும் சேர்த்து 2,23,515 டன் ஏற்றுமதியாயிற்று. ஏறத்தாழ 90,000 சிறு, குறு விவசாயிகள் சுமார் 65,000 ஏக்கரில் ஒப்பந்த முறையில் சிறுவெள்ளரியைப் பயிரிடுவதாகவும் அதில் கண்டிருக்கிறது. சராசரி பார்த்தால் ஆளுக்கு முக்கால் ஏக்கர்கூட ஆகவில்லை. பெரிய மிராசுதாரர் கைவைக்காத பயிர் இது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

காரணம் வெளிப்படை. விதைத்த ஐந்து வாரங்களுக்குள் காய்ப்பு தொடங்கும். அதன்பின் பயிர் முடியும்வரை நாள் தவறாமல் கொடியைத் தடவிப் பார்த்துப் பறிக்க வேண்டும். சிறு காய்க்கே விலை அதிகம். ஒரு கிலோவுக்கு எத்தனை காய் நிற்கிறது என்பதைக்கொண்டு தரம் பிரிப்பார்கள். இன்று பறிக்கத் தவறிய பிஞ்சு நாளை பருத்துக் கீழ்த்தரத்துக்குப் போய்விடும். இரண்டு நாள் விட்டால் எத்தரத்திலும் சேராது. கூலி ஆட்களை மட்டும் நம்பி இவ்வேலையை நடத்த முடியாது. குடும்பத்தார் கையே வேண்டும். விதை, உரம், மருந்து ஆகியவற்றைக் கம்பெனியார் கடனாகக் கொடுத்துக் காய்க்கிரயத்தில் பிடித்துக்கொள்வது வழக்கம்.

இனி, வரவு செலவைப் பார்ப்போம். மேற்படி கணக்கிலேயே, 90 நாட்களில் ஏக்கருக்கு 4 டன் கண்டுமுதலாகி, 80,000 ரூபாய் வரவும், செலவு போக 40,000 ரூபாய் மிச்சமும் கிடைப்பதாகச் சொல்லப்பட்டது. இது நல்ல வருமானமே. ஆனால் கிராமத்திலுள்ள கொள்முதல் கொட்டகையில், காலே பங்கு காயைத் தரமில்லையென்று தள்ளிவிட்டதாக வைத்துக்கொள்வோம். வரவு 60,000 ரூபாயாகக் குறையும். செலவோ குறையாது; தள்ளுபடியான காய்க்கும் தண்ணீர் பாய்ச்சி, மருந்தடித்து, பறிகூலி கொடுத்தாயிற்று. எனவே மிச்சம் 20,000 ரூபாய்தான். காயில் காற்பங்கு போனால் லாபத்தில் அரைப்பங்கு போகிறது. பாதிக் காய் போனால் மூன்று மாத உழைப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. ஒப்பந்தத்தில் கிலோவுக்கு என்ன விலை என்பதை எல்லோரும் கேட்கிறார்கள். தரத்தை யார், எங்கே, யார் முன்னிலையில் நிச்சயிப்பது என்பதைக் கேட்பவர் சிலரே.

தள்ளுபடியான தக்காளியை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றிச் சென்று வந்த விலைக்காவது தள்ளிவிட்டு வரலாம். சிறுவெள்ளரியை நம் நாட்டுச் சமையலறையில் கேட்பாரில்லை. கம்பெனியாருக்கு இது வசதியே. விளைந்ததை வேறொருவருக்கு விற்றுவிடுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்குக் கிடையாது. குடியானவருக்கோ அந்தக் கொட்டகை ஒன்றே வாசல். தக்காளி ஒப்பந்தத்தில் நிலைமை வேறு: வெளிச்சந்தையில் விலை ஏறும்போது குடியானவருக்கு ஒப்பந்தத்தை மீற ஆசை வரும், விலை இறங்கும்போது வாங்குபவர் தரக்குறைவென்று சாக்குச் சொல்லத் தொடங்குவார். இருசாராரும் ஒருவரை ஒருவர் குறை கூறினால் இருசாரார் சொல்வதிலும் உண்மை இருக்கும்.

நிற்க, கைபேசி ஆலோசனைக்கு வருவோம். ஏற்றுமதிக் காய்களில் மருந்தின் எச்சம் வரம்புக்கு மேல் இருந்தால் அயல்நாட்டார் சரக்கைத் திருப்பியனுப்புவார்கள். ஆகவே எந்த மருந்தை எவ்வளவு அடிப்பது, அடித்தபின் எத்தனை நாள் கழித்துப் பறிப்பது என்ற விஷயங்களில் கம்பெனியார் அனுப்பும் குறிப்பை வழுவாது கைக்கொள்வது நமக்கும் நன்மையே. அடிசாம்பல் நோய் முதலியவை கண்டவுடன் இலையைப் படமெடுத்து அனுப்பி அன்றே யோசனை பெறுவதும் சிறு சகாயமன்று. ஆயினும் மருந்தை விற்பவரே மருந்து வேண்டுமென்று யோசனை சொல்லும் இடத்தில் இன்னொருவரையும் கேட்டுக்கொள்வது உசிதம். 2004 முதல் நடந்துவரும் கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் செலவின்றிக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசார் 2018-இல் ஏற்படுத்திய ‘உழவன்’ செயலியில் வானிலை, மானியம், சந்தை விலை முதலிய விவரங்கள் கிடைக்கின்றன.

சந்தை விலை தெரிந்தாலே நல்ல விலை கிடைத்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். மகாராஷ்டிரத்தில் 100 கிராமங்களில் இதைப் பரீட்சித்துப் பார்த்தனர். தக்காளி, வெங்காயம் முதலியன பயிரிடுவோரில் ஒரு பகுதியாருக்கு மட்டும் விலையும் வானிலையும் பயிர்க்குறிப்பும் கைபேசிச் செய்தியாக அனுப்பப்பட்டன. 2012-இல் வெளியான அந்த ஆராய்ச்சியின் முடிவு, செய்தி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் கிடைத்த விலையில் சராசரியாகக் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை என்பதே. நம் பக்கத்து நிலைமையை நோக்கின் இதில் வியப்பில்லை. பத்துக் கூடை காயை வைத்திருப்பவருக்கு அடுத்த ஜில்லாவில் விலை கூடுதலென்று தெரிந்து என்ன பயன்? வண்டி வாடகை அக்கூடுதலை விழுங்கிவிடும். மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பவர் வேறிடம் போகவும் முடியாது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வண்டி அமர்த்தினால்தான் அந்தச் செய்தி காசாகும்.

ஒப்பந்தத்தின் சட்ட நிலையையும் அறிந்திருத்தல் அவசியம். இதற்கென மத்திய அரசார் 2020-இல் இயற்றிய சட்டம் 2021-இல் ரத்தாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2019-இல் நிறைவேறிய ஒப்பந்தச் சாகுபடிச் சட்டம் தனியானது; அதை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அச்சட்டப்படி ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, உரிய அதிகாரியிடம் பதிவு செய்யவேண்டும். நிலத்தின்மீது வாங்குபவருக்கு எவ்விதப் பாத்தியதையும் ஏற்படாது. வாய்ப்பேச்சாகவோ, கையொப்பமிட்டும் நகல் பெறாமலோ காரியத்தை நடத்துபவருக்குச் சட்டம் கைகொடுப்பது கடினம்.

எழுதும்போது தர அளவைக் காய் எண்ணிக்கையாகவே குறிப்பிடச் சொல்லுக. எடையிடும்போது தாமோ தம்மவரோ உடனிருக்கவும், தள்ளுபடியான காயின் எடைக்கும் அன்றே சீட்டுப் பெறவும் ஷரத்து வேண்டும். பணம் எத்தனை நாளில் வரும், மழையாலோ நோயாலோ பயிர் போனால் விதைக்கடன் என்னாகும் என்பவையும் எழுத்திலிருக்க வேண்டும். முதல் போகத்துக்கு அரை ஏக்கருக்கு மேல் இறங்காதிருப்பது நலம்.

கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் செய்யக்கூடிய உதவி ஒன்றுண்டு. அடங்கலில் இப்பயிரைப் பொதுவாகக் ‘காய்கறி’ என்று எழுதிவிடாமல், சர்வே எண்ணுக்கு நேரே அதன் பெயரையும், பயிர் நின்ற பரப்பையும் சரியாகப் பதிய வேண்டும். வெள்ளச் சேதத்துக்கு நிவாரணம் கோரும்போதும், கம்பெனியாருடன் தகராறு நேர்ந்து விசாரணைக்குப் போகும்போதும், இன்ன நிலத்தில் இன்ன பயிர் நின்றது என்று காட்ட அந்த ஒரு வரி குடியானவருக்கு ஆதாரமாகும்.