சரித்திரம் படிக்கப் போனாள் என் பெண்

"உங்க பெண் ஜெர்மனியில படிக்கிறாளாமே! இன்ஜினியரிங்கா?" என்று கேட்பார்கள்.

"இல்லீங்க, சரித்திரம்" என்பேன்.

கேட்டவர் முகம் சப்பென்று ஆகிவிடும். "ஓ... அப்படியா" என்று சொல்லிவிட்டு, என் புடவையை எங்கே வாங்கினேன் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். கல்யாண வீடு, காதுகுத்து வீடு எங்கே போனாலும் இதே கதைதான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதல் முதலில் அவள் இந்த ஆசையைச் சொன்னபோது என் முகமும் அப்படித்தான் போயிற்று. "ஏண்டி, செத்துப் போன ராஜாக்களைப் பத்திப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா?" என்றேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். பானிப்பட்டு யுத்தம் எத்தனை, அசோகர் எங்கே மரம் நட்டார், இதுதான் எனக்குத் தெரிந்த சரித்திரம்.

இப்போது அப்படிக் கேட்கமாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சங்கிலி போன கதை

முதலில் செலவைச் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தாய்மாரும் கேட்கும் கேள்வி அதுதானே! ஜெர்மனியில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக்குச் சம்பளம் கிடையாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு சிறு தொகை கட்டினால் போதும். பாடன்-வூர்ட்டம்பெர்க் என்ற மாநிலத்தில் நம்மைப் போன்ற வெளிநாட்டுப் பிள்ளைகளிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள்.

அப்படியானால் செலவே இல்லையா என்று கேட்காதீர்கள். ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேண்டிய பணத்தை முன்கூட்டியே அங்கே ஒரு தனிக் கணக்கில் கட்டிக் காட்டினால்தான் பொதுவாக விசா. 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ என்று ஆயிற்று. அப்போது நம் பணத்தில் 11 லட்சம் பக்கம். அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். என் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது இதற்குத்தான். மருத்துவ இன்ஷூரன்ஸும் கட்டாயம்.

இதற்கெல்லாம் முன்னால் மொழி. சரித்திரத்தை அங்கே ஜெர்மன் மொழியில்தான் படிக்கிறாள். கல்லூரியில் பி.ஏ. முடித்துவிட்டு, சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் கற்றுத் தேறினாள். அப்புறம்தான் ஹாலே என்ற ஊரில் எம்.ஏ.வுக்கு இடம் கிடைத்தது. ஸாலே ஆற்றங்கரையில் டிராம் ஓடும் ஊர். 1990 வரை கிழக்கு ஜெர்மனியாக இருந்த பகுதி.

அவளுடைய ஒரு நாள்

ஞாயிற்றுக்கிழமை நமக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணுவாள். குளிர்காலத்தில் அங்கே அப்போது பிற்பகல் மூன்றரை. டிசம்பர் மாதத்தில் நாலு மணி சுமாருக்கு இருட்டிவிடும். காலையில் எட்டு மணி தாண்டித்தான் வெளிச்சம். "விளக்கு வைக்கிற நேரத்துல காலேஜுக்குக் கிளம்பற மாதிரி இருக்கும்மா" என்பாள்.

பத்து மணி வகுப்பு என்று போட்டிருந்தால் பத்தே காலுக்குத்தான் தொடங்குவார்கள். அந்தக் கால் மணி நேரம் பழைய காலத்திலிருந்து வரும் வழக்கமாம். பேராசிரியர் முடித்ததும் கைதட்டமாட்டார்கள், மேஜையை விரல் முட்டியால் தட்டுவார்கள். முதல் நாள் இவள் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாளாம்!

மத்தியானம் மென்சா என்கிற மாணவர் சாப்பாட்டுக் கூடம். சைவச் சாப்பாடும் கிடைக்கிறது. ராத்திரிக்கு அந்த ஊர்க்காரர்கள் பலர் அடுப்பே மூட்டுவதில்லை. கெட்டியான கம்பு ரொட்டி மாதிரி ஒன்று, அதோடு வெண்ணெய், சீஸ், வெள்ளரிக்காய். அவ்வளவுதான் ராச்சாப்பாடு. "உங்களுக்கெல்லாம் இது தெரிஞ்சா என்ன சந்தோஷப்படுவீங்க!" என்று சிரிக்கிறாள். அது கம்பு இல்லை, ரை என்ற தானியம் என்று பிற்பாடு திருத்தினாள்.

ஞாயிறு கடை கிடையாது. சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும். குப்பையைக் காகிதம், பிளாஸ்டிக், காய்கறித் தோல் என்று தனித்தனித் தொட்டியில் போட வேண்டும். வாங்கும்போதே பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட் சேர்த்து வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பினால் கொடுத்துவிடுகிறார்கள். நம் வீட்டில் சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த காலம் ஞாபகம் வந்தது எனக்கு.

ஹாஸ்டலில் நாலு பேருக்கு ஒரு சமையலறை. முதல் வாரம் ரசத்துக்குக் கடுகும் மிளகாயும் தாளித்திருக்கிறாள். கூரையில் இருந்த புகை மணி ஊரைக் கூட்டிவிட்டது! இப்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தாளிப்பு. பருப்புக்குத் துருக்கிக் கடை. இட்லி மாவு குளிரில் பொங்காது என்பதால், ஹீட்டருக்குப் பக்கத்தில் போர்வை சுற்றி வைக்கிறாள்.

போன நவம்பரில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். எனக்கு இங்கே அடுப்படியில் கை ஓடவில்லை. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "வெந்நீர், மூலிகை டீ, ஓய்வு" என்று அனுப்பிவிட்டாராம். ஆண்டிபயாடிக் மருந்து அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் கிடைக்காது. "என்ன டாக்டர் இவர்!" என்று எனக்குக் கோபம். நாலு நாளில் எழுந்துவிட்டாள். சுக்கு, மிளகு கொடுத்து விட்டிருந்தேன். அதுவும் உதவியிருக்கும் என்பது என் நம்பிக்கை! பிள்ளைகளை அனுப்பும் தாய்மார் இரண்டு எண்களை எழுதிக் கொடுங்கள். ஆபத்து என்றால் 112. இரவிலோ விடுமுறையிலோ ஆபத்தில்லாத வியாதிக்கு டாக்டர் வேண்டுமானால் 116117.

மாயவரத்திலிருந்து ஹாலேக்கு

சரி, படிப்புக்கு வருகிறேன். "அங்கே போய் என்னடி படிக்கிறே?" என்று கேட்டேன். "தரங்கம்பாடியைப் பத்தி" என்றாளே பார்க்கலாம்!

எங்களுக்கு மாயவரம். தரங்கம்பாடி சுமார் முப்பது கிலோமீட்டர். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்க்கப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போனார்கள். எனக்கு நினைவிருப்பது கடற்காற்றும் புளியோதரைப் பொட்டலமும்தான்.

அந்தத் தரங்கம்பாடிக்கு 1706-ல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் பாதிரியார் வந்தார். டேனிஷ் அரசர் அனுப்பி வந்தவர். தமிழ் கற்றுக்கொண்டார். ஹாலேயில் ஃபிராங்கே என்பவர் 1698-ல் கட்ட ஆரம்பித்த அநாதை இல்லமும் பள்ளிகளும்தான் இவர்களுக்குப் பின்பலம். தமிழ் எழுத்துகளை ஹாலேயில் ஈயத்தில் வார்த்துத்தான் தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இங்கிருந்து போன கடிதங்களும் பனை ஓலைச் சுவடிகளும் இன்றைக்கும் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவரோடு இருந்த குருண்ட்லரும் நம் ஊர்க்காரர்களுக்குக் கேள்வி எழுதி அனுப்பினார்கள். சாமி, சடங்கு, கல்யாணம், வைத்தியம் என்று பல கேள்விகள். நம்மவர்கள் தமிழில் பதில் எழுத, அதை ஜெர்மனில் பெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். பக்கத்து ஊர் மனிதர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன் சொன்ன பதிலை, என் பெண் ஜெர்மன் மொழியில் படிக்கிறாள்!

அச்சில் இருப்பதைப் படிக்கலாம். கையெழுத்துக் கடிதங்கள்தான் கஷ்டம். குரென்ட் என்ற பழைய எழுத்து, 1941-க்குப் பிறகு பள்ளிகளில் நின்றுவிட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே படிக்க வராது. இவளும் அவர்களும் ஒன்றாக உட்கார்ந்து அ, ஆ கற்கிற மாதிரி கற்றார்களாம். காகிதக் காப்பகத்தில் பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். மை ஒரு சொட்டு விழுந்தால் போச்சு அல்லவா!

செமஸ்டர் கடைசியில் நீளக் கட்டுரை எழுத வேண்டும். அதற்குப் பெயர் 'ஹவுஸ் ஆர்பைட்'. ஜெர்மனில் வீட்டு வேலைக்கும் அதே சொல்தான். "அம்மா, நீயும் நானும் ஒரே வேலைதான் செய்யறோம்" என்றாள். "எனக்கு மார்க் யார் போடறா?" என்றேன்.

எந்தக் காகிதத்தை எடுத்தாலும் முதலில் மூன்று கேள்வி கேட்கச் சொல்கிறார்கள். யார் எழுதியது? யாருக்கு? எதற்காக? கேள்வி அனுப்பியவர்களுக்குத் தங்கள் மதத்தைப் பரப்பும் நோக்கம். பதில் எழுதியவர்களுக்குத் தங்கள் வழக்கத்தை விளக்கும் நோக்கம். அச்சிட்டவர்களுக்கு, பணம் கொடுத்து உதவுகிறவர்கள் படிக்க வேண்டுமே என்ற எண்ணம். மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாதாம். பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்கும்போது நாமும் இதைத்தானே செய்ய வேண்டும்?

அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தப்பையும் மறைக்கவில்லை என்பதை மகள் சொல்லித்தான் அறிந்தேன். தெருவில் நடந்தால் காலடியில் உள்ளங்கை அகலப் பித்தளைக் கல் பதித்திருக்கும். "இங்கே வசித்தார்" என்று தொடங்கி ஒரு பெயர், பிறந்த வருஷம், என்ன ஆனார் என்ற விவரம். ஹிட்லர் ஆட்சியில் கொண்டுபோகப்பட்ட யூதர்கள், மற்றவர்கள் வாழ்ந்த வீட்டு வாசல்கள் அவை. குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992-ல் தொடங்கியது. இப்போது ஐரோப்பாவில் ஒரு லட்சத்துக்கு மேல் பதித்திருக்கிறார்கள். பெயர் படிக்க வேண்டுமானால் குனிய வேண்டும். "நம்ம வயசுப் பெண்கள் பெயரும் இருக்கும்மா" என்று சொன்ன அன்று அவள் அதிகம் பேசவில்லை.

நான் செய்த தப்பு

ஒரு ஞாயிறு நான் கேட்டேன். "அந்தக் கடுதாசியில எல்லாம் பொம்பளைங்க எழுதினது ஒண்ணாவது இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நான் படிச்ச வரைக்கும் இல்லம்மா. கல்யாணத்தைப் பத்தியும் ஆம்பளைங்கதான் எழுதியிருக்காங்க" என்றாள். அப்புறம் உற்சாகமாக, "அதனாலதான் கேக்கறேன். அப்பாயியோட கணக்கு நோட்டெல்லாம் பரண்லதானே இருக்கு? ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து அனுப்பேன்!" என்றாள்.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

என் மாமியார் கல்யாணமாகி வந்த நாள் முதல் கணக்கு எழுதியவர். நீள நோட்டு, பென்சில் எழுத்து. பால் எத்தனை படி, மண்ணெண்ணெய் என்ன விலை, எந்தப் பிரசவத்துக்கு என்ன மருந்து கிளறினார், யார் வீட்டுக்கு எவ்வளவு மொய் எழுதினார் என்று எல்லாம் இருக்கும். அத்தை போன மறு வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது, கரையான் வருமென்று மூட்டையாகக் கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். எடைக்கு என்ன கொடுத்தார் என்றுகூட நினைவில்லை.

"போட்டுட்டேண்டி" என்றேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கப்பலேறிப் போன கடிதத்தை முந்நூறு வருஷம் வைத்திருக்கிறார்கள் யாரோ. ஒரு வீட்டுப் பெண்ணின் முப்பது வருஷக் கையெழுத்தை நான் ஒரே காலையில் தராசில் வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அவளே யோசனை சொன்னாள். "உனக்கு ஞாபகம் இருக்கறதை நீ எழுது. ஆனா நீ கண்ணால பார்த்தது தனி, அப்பாயி சொல்லிக் கேட்டது தனின்னு பிரிச்சு எழுது. சந்தேகம்னா சந்தேகம்னு எழுது. மேல தேதியும் உன் பெயரும் போடு."

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். மத்தியானம் பாத்திரம் கழுவிய பிறகு ஒரு பக்கம். பெரியவளுக்கு அத்தை கிளறிய பிரசவ லேகியம், குழந்தைக்கு உரை மருந்து இழைத்த முறை, 2004 சுனாமி அன்று தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து வந்த உறவுக்காரர்களுக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் உலை வைத்தது. எழுத எழுத வருகிறது. கையெழுத்துதான் கோணல்.

உங்கள் வீட்டிலும்

மகள் சொன்ன சில யோசனைகளை உங்களுக்கும் சொல்கிறேன்.

பழைய நோட்டு, கடிதம், மொய் நோட்டு எதையும் போடும் முன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். ஈரம் படாத இடத்தில், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கிழிந்த காகிதத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், நாளானால் மஞ்சளாகிக் காகிதத்தைக் கெடுக்கும். லாமினேஷனும் வேண்டாம். இரும்பு குண்டூசியைக் கழற்றிவிடுங்கள், துரு ஏறும். பழைய போட்டோவின் பின்னால், ஓரமாக, மெதுவான பென்சிலில், யார் யார் என்று எழுதுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

மகள் அடுத்த கோடையில் லீவுக்கு வருகிறாள். சங்கிலி இன்னும் மீளவில்லை. நோட்டில் 64 பக்கம் ஆகியிருக்கிறது. வந்ததும் அவளிடம் கொடுக்கப் போகிறேன். படித்துவிட்டு என்னிடமும் அந்த மூன்று கேள்வி கேட்பாள். யார் எழுதியது, யாருக்கு, எதற்காக. முதல் பக்கத்திலேயே பதில் எழுதி வைத்துவிட்டேன்.