மாநாட்டுக்கு முந்தைய சனிக்கிழமை

பள்ளிக் கணினிக் கல்விக்கென்று அமெரிக்காவில் 1979 முதல் ஒரு மாநாடு நடந்துவருகிறது. நீண்ட காலம் அதை ‘நெக்’ என்றார்கள். 2010 முதல், நடத்தும் அமைப்பின் பெயரிலேயே ‘இஸ்டி’ மாநாடு. ஆண்டுக்கொரு நகரம், பல ஆயிரம் ஆசிரியர்கள், ஒரே நேரத்தில் பல அரங்குகளில் அமர்வுகள், கருவிகளும் மென்பொருள்களும் விற்க வரும் நிறுவனங்களின் கண்காட்சிக் கூடம் என்று சில நாட்களுக்குக் களைகட்டும். 2007 ஜூனில் அது அட்லாண்டாவில் கூடியபோது, தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமையே ஒரு சிறு கூட்டம் அங்கே பேச உட்கார்ந்துவிட்டது. கட்டணம் இல்லை, சிறப்புரை இல்லை. எதைப் பற்றிப் பேசுவது என்பதை வந்தவர்களே வகுத்துக்கொண்டார்கள். எட்யுபிளாகர்கான் என்று பெயரிட்டு அதை ஒருங்கிணைத்தவர் ஸ்டீவ் ஹார்கடன். வந்தவர்கள் வலைப்பதிவு எழுதும் ஆசிரியர்களும் அந்தப் பதிவுகளைத் தொடர்ந்து படிப்பவர்களும்.

கல்வித் தொழில்நுட்ப மாநாடுகளைச் சுற்றி உலகெங்கும் ஓர் ஆசிரியர் சமூகம் வளர்ந்ததற்கு மாநாட்டு அரங்கையும் அதன் பிரமாண்டத்தையும் காரணமாகச் சொல்வது வழக்கம். அந்த விளக்கம் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. அந்த ஆசிரியர்களைச் சேர்த்தது, மாநாட்டுக்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் அவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிய எழுத்து. மாநாடு அவர்கள் நேரில் பார்த்துக்கொள்ள ஓர் இடமும் தேதியும் தந்தது.

2000-களின் தொடக்கத்தில் இணையத்தைப் பாடத்துக்குப் பயன்படுத்த நினைத்த ஆசிரியர், பெரும்பாலும் தன் பள்ளியில் அப்படி நினைத்த ஒரே ஆளாக இருந்தார். பக்கத்து வகுப்பில் கேட்டால் விடை கிடைக்காது. தலைமையாசிரியருக்கோ, மாணவர்கள் இணையத்தில் என்ன பார்த்துவிடுவார்களோ என்ற பயம். அந்தத் தனிமைதான் பலரை எழுத வைத்தது. நியூ ஜெர்சியில் ஹண்டர்டன் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த வில் ரிச்சர்ட்சன், வலைப்பதிவை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த அனுபவத்தைத் தன் பதிவிலேயே எழுதிவந்தார். வலைப்பதிவு, பலர் சேர்ந்து திருத்தி எழுதும் விக்கி, ஒலிப்பதிவு ஆகியவற்றை வகுப்பறைக்குக் கொண்டுவருவது பற்றி அவர் எழுதிய நூல் 2006-ல் வந்தது. கனடாவின் வின்னிபெக் நகரில் கணித ஆசிரியரான டேரன் குரோபட்வா, அன்றைய பாடத்தைத் தினமும் ஒரு மாணவர் சுருக்கி வகுப்பின் வலைப்பதிவில் எழுதவேண்டும் என்று ஒரு முறை வைத்திருந்தார். இன்று எழுதியவர் நாளைக்கு எழுத வேண்டியவரைத் தேர்ந்தெடுப்பார். பாடத்துக்கு வராத பிள்ளையும் அதைப் படிக்கலாம். பரீட்சை நேரத்தில் அதுவே ஒரு பாடநூல். இந்த யோசனை ஊர் விட்டு ஊர் போனதற்கு எந்தக் கல்வித் துறையின் சுற்றறிக்கையும் காரணமில்லை. ஓர் ஆசிரியர் எழுதினார், இன்னொருவர் படித்துவிட்டுத் தன் வகுப்பில் செய்து பார்த்து, நடந்ததை எழுதினார். அவ்வளவுதான்.

ஜார்ஜியா மாநிலத்தின் கமிலா என்ற சிற்றூரில் கணினிப் பாடம் நடத்திய விக்கி டேவிஸும், அப்போது வங்கதேசத்தின் டாக்காவில் பணியாற்றிய ஆஸ்திரேலிய ஆசிரியை ஜூலி லிண்ட்சேயும் அறிமுகமானது இப்படி ஒருவர் எழுத்தை மற்றவர் படித்துத்தான். தாமஸ் ஃபிரீட்மனின் ‘தி வேர்ல்டு இஸ் ஃபிளாட்’ நூலை இரண்டு வகுப்புகளும் சேர்ந்து ஆராய்வது என்று 2006-ல் ஒரு திட்டம் போட்டார்கள். கமிலாவின் பிள்ளையும் டாக்காவின் பிள்ளையும் ஒரே விக்கி பக்கத்தில் சேர்ந்து எழுதினார்கள். ஃபிரீட்மன் தன் நூலின் பிற்பதிப்பில் அந்தத் திட்டத்தையே சேர்த்துக்கொண்டார்.

எழுத்தால் அறிமுகமானவர்கள் நேரில் பார்க்க ஆசைப்படுவது இயல்பு. தமிழ் வாசகர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை; இங்கும் பதிவர் சந்திப்புகள் அதே ஆண்டுகளில்தான் சூடு பிடித்தன. அட்லாண்டா கூட்டம் முடிந்து ஏறக்குறைய ஆறு வாரத்தில், 2007 ஆகஸ்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. தமிழ்ப் பதிவர்கள் பல துறையினர். அட்லாண்டாவில் கூடியவர்கள் ஒரே தொழில் செய்பவர்கள், அதனால் பேச்சு சட்டென்று வகுப்பறைக்குள் நுழைந்துவிட முடிந்தது.

எழுத்து வழியான இந்தத் தொடர்பு தொழில்நுட்ப ரீதியில் எப்படி நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைய வலைப்பதிவுகளுக்கு ஆர்எஸ்எஸ் என்ற செய்தியோடை வசதி இருந்தது. பிடித்த ஐம்பது பதிவர்களின் ஓடைகளை ஒரு திரட்டியில் சேர்த்துக்கொண்டால், யார் எங்கே புதிதாக எழுதினாலும் காலையில் ஒரே இடத்தில் வந்து நிற்கும். மாநாட்டுக்குப் போகிறவர்கள் தங்கள் பதிவுகளுக்கு ஒரு பொதுக் குறிச்சொல் இடுவார்கள். வட கரோலினாவின் மூத்த கல்வியாளர் டேவிட் வார்லிக், அந்தக் குறிச்சொல்லை வைத்து ஒரு மாநாட்டைப் பற்றிய பதிவுகளையெல்லாம் ஒரே பக்கத்தில் திரட்டித் தரும் ஹிட்ச்ஹைக்கர் என்ற தளத்தை உருவாக்கினார். நுழைவுச் சீட்டு வாங்காத ஓர் ஆசிரியரும் மாநாட்டின் ஒரு பகுதியைப் படித்துவிட முடிந்தது. மாநாட்டு வளாகத்துக்குள்ளோ ‘பிளாகர்ஸ் கஃபே’ என்று ஒரு மூலை ஒதுக்கப்பட்டது. சில சோபாக்கள், சில மேசைகள், மின் இணைப்பு. அமர்விலிருந்து வெளியே வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து கேட்டதைத் தட்டச்சு செய்வார்கள், பக்கத்தில் இருப்பவர் வேறு அமர்வைக் கேட்டுவிட்டு வந்திருப்பார், பேச்சு தொடங்கும். பல அமர்வுகளைவிட அந்த மூலையில் கற்றது அதிகம் என்று எழுதியவர்கள் உண்டு. சொற்பொழிவு ஒரு முறை கேட்பதோடு முடியும். சோபாவில் குறுக்குக் கேள்வி கேட்கலாம்.

ஸ்காட்லாந்தின் கதையை நான் இன்னும் முக்கியமானதாகக் கருதுகிறேன். அங்கே பதிவெழுதும் ஆசிரியர்கள் எண்ணிக்கையில் குறைவு. எல்லோரும் ஒருவரை ஒருவர் படித்துவிடக்கூடிய அளவு. 2006-ல் எடின்பரோவில் அவர்களில் சிலர் பதிவர் சந்திப்பாக ஒன்றுகூடினார்கள். இதையே ஒரு வழக்கமாக்கலாம் என்று முடிவானது. இவான் மெக்கின்டாஷ் சொன்ன ‘டீச்மீட்’ என்ற பெயரை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த கூட்டம் அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கிளாஸ்கோவில், அங்கு நடந்த பெரிய கல்வி மாநாட்டையொட்டி. பிறகு லண்டனில் ஆண்டுதோறும் நடக்கும் ‘பெட்’ கல்வித் தொழில்நுட்பக் கண்காட்சியை ஒட்டியும் டீச்மீட் நடக்கத் தொடங்கியது. பெரிய மாநாட்டுக்கு எப்படியும் ஆசிரியர்கள் வருவார்கள். பயணச் செலவும் விடுப்பும் அதிலேயே அடங்கிவிடும். மாலையில் ஒரு கூடம் கிடைத்தால் போதும்.

டீச்மீட்டின் தொடக்ககால விதிகள் எளியவை, ஆனால் யோசித்து வைத்தவை. பேச விரும்புகிறவர் முன்கூட்டியே விக்கியில் தன் பெயரைத் தானே எழுதிவிடலாம். யாரும் தேர்வு செய்வதில்லை. ஏழு நிமிடப் பேச்சு அல்லது இரண்டு நிமிடப் பேச்சு. பவர்பாயின்ட் கூடாது. சொந்த வகுப்பில் செய்து பார்த்ததைச் சொல்ல வேண்டும், தோற்றுப்போனதையும் சொல்லலாம். விற்பனைப் பேச்சுக்கு இடமில்லை. அடுத்துப் பேசுவது யார் என்பதைக் கணினித் திரையில் சுழலும் பெயர்க் குலுக்கல் முடிவு செய்யும். நேரம் தாண்டினால் ஒரு பஞ்சுப் பொம்மை ஒட்டகம் பேச்சாளர் மேல் பறந்து வரும். முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள்.

குலுக்கலில் ஒரு நியாயம் இருக்கிறது. பதிவுலகில் சிலரைப் பல்லாயிரம் பேர் படிப்பார்கள், சிலரை இருபது பேர். நேரில் கூடும்போது அந்தப் படிநிலை அப்படியே அரங்குக்குள் வந்துவிடும். பெரிய பதிவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும், புதிதாக வந்தவர் தன் காபிக் கோப்பையோடு ஓரமாக நிற்பார். பிளாகர்ஸ் கஃபே போன்ற இடங்களில் இது உண்மையான சிக்கல். புகழ்பெற்றவருக்கும் ஏழு நிமிடம், முதல் முறை பேசுகிற தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் ஏழு நிமிடம், வரிசையை யாரும் தீர்மானிப்பதில்லை என்றானதும் அந்த ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. டீச்மீட் பல நாடுகளுக்குப் பரவியதற்கு இந்தச் சமத்துவம் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் இதற்கு இணையாக வளர்ந்தது எட்கேம்ப். 2009-ல் ஃபிலடெல்ஃபியாவில் கணினித் துறையினர் நடத்திய பார்கேம்ப் என்ற கட்டற்ற கூட்டத்துக்குப் போன சில ஆசிரியர்கள், 2010 மே மாதம் அதே நகரில் ஆசிரியர்களுக்கென்று ஒன்றை நடத்தினார்கள். காலையில் வெற்றுப் பலகை. வந்தவர்கள் தலைப்புகளை எழுதி நிரப்புவார்கள். ஓர் அறையில் பேச்சு பயன்படவில்லை என்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். 2014-ல் வாஷிங்டனில் அமெரிக்கக் கல்வித் துறையின் தலைமையகத்திலேயே ஓர் எட்கேம்ப் நடந்தது. அதே ஃபிலடெல்ஃபியாவில் சயின்ஸ் லீடர்ஷிப் அகாடமி என்ற அரசுப் பள்ளி 2008 முதல் எஜுகான் கூட்டத்தை நடத்திவந்தது. பள்ளியின் நிறுவன முதல்வர் கிறிஸ் லேமனும் ஒரு பதிவர்தான். அங்கே அமர்வுகளுக்கு உரையாடல்கள் என்று பெயர், விருந்தினரை வரவேற்பதும் நேரலையைக் கவனித்துக்கொள்வதும் மாணவர்கள்.

வர முடியாதவர்கள் என்ன செய்வது? சமூகம் என்று சொல்லிக்கொள்ளும் எதையும் இந்தக் கேள்வியால்தான் உரசிப் பார்க்க வேண்டும். விமானச் சீட்டு, விடுதி, பதிவுக் கட்டணம், நான்கு நாள் விடுப்பு எல்லாம் சேர்ந்தால் அமெரிக்க ஆசிரியருக்கே பெரிய தொகை. 2006-ல் வெஸ்லி ஃபிரையர், ஷெரில் நுஸ்பாம்-பீச் ஆகியோரோடு டேரன் குரோபட்வாவும் சேர்ந்து, முழுக்க இணையத்திலேயே நடக்கும் கே-12 ஆன்லைன் மாநாட்டைத் தொடங்கினார். பேச்சாளர்கள் தங்கள் உரையை முன்பே பதிவு செய்து அனுப்புவார்கள். அது வலைப்பதிவில் வெளியாகும். கீழே பின்னூட்டத்தில் விவாதம். கட்டணம் கிடையாது. கொரோனாவால் 2020-ல் இஸ்டி மாநாடே இணையத்துக்கு மாறியதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே ஆசிரியர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்துகாட்டிய வேலை இது.

இன்னொரு பக்கம், இஸ்டி நடக்கும் நாட்களில் ‘நாட் அட் இஸ்டி’ என்ற ஹாஷ்டேக்கில் வீட்டிலிருக்கும் ஆசிரியர்கள் திரண்டார்கள். மாநாட்டில் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் போலவே வீட்டில் ஒன்று செய்து, அதில் வண்ண ரிப்பன் ஒட்டிப் படம் எடுத்துப் போடுவார்கள். மாநாட்டிலிருந்து வரும் இணைப்புகளைப் பகிர்ந்து, தங்களுக்குள் விவாதம் நடத்துவார்கள். சந்தோஷமான ஏற்பாடு. ஆனால் அதன் பெரிய சபை கூகுள் பிளஸில் இருந்தது. 2019 ஏப்ரலில் கூகுள் அந்தச் சேவையை மூடியபோது அந்த இடமும் போயிற்று.

இந்தச் சமூகம் திரும்பத் திரும்ப அடிபடும் இடம், இப்படிப் பிறர் நடத்தும் தளங்களில் கூடுவதுதான். 2009-ல் ஷெல்லி டெரெல், டாம் விட்பி, ஸ்டீவன் ஆண்டர்சன் மூவரும் ட்விட்டரில் ‘எட்சாட்’ என்ற வாராந்தர உரையாடலைத் தொடங்கியதும், நீண்ட பதிவு எழுதிக்கொண்டிருந்த பலர் அங்கே நகர்ந்துவிட்டார்கள். உடனடி பதில் கிடைத்தது. ஆனால் ஒரு பாடம் ஏன் சரியாக வரவில்லை என்று பொறுமையாக எழுதும் வழக்கம் தேய்ந்தது. 2013-ல் கூகுள் ரீடர் என்ற திரட்டி மூடப்பட்டபோது பலர் சேர்த்துவைத்த ஓடைகளும் அதோடு போயின. 2022-ல் ட்விட்டர் கைமாறிய பிறகு ஆசிரியர்கள் மாஸ்டோடான், புளூஸ்கை என்று வேறு வேறு தளங்களுக்குப் பிரிந்தார்கள்.

கண்காட்சிக் கூடத்தின் நிழலும் இருக்கிறது. மாநாட்டுக்கு விற்பனையாளர்களிடமிருந்தும் பணம் வருகிறது; நன்றாக எழுதும் ஆசிரியரை நிறுவனங்கள் தங்கள் தூதராக்கிக்கொள்ள விரும்புகின்றன. இலவசக் கருவி, பயணச் செலவு, மேடை என்று சலுகைகள் வரும்போது, அடுத்த பதிவில் அந்தக் கருவியின் குறையை எழுதக் கை தயங்கும். இதைக் கேள்வி கேட்ட குரலும் பதிவுலகிலிருந்தே வந்தது. 2010-ல் ‘ஹேக் எஜுகேஷன்’ வலைப்பதிவைத் தொடங்கிய ஆட்ரி வாட்டர்ஸ், மாணவர்களின் தரவு யாரிடம் போகிறது, கல்வித் தொழில்நுட்ப முதலீடுகளால் யாருக்கு லாபம் என்று விடாமல் எழுதினார். கற்பிக்கும் இயந்திரங்களின் வரலாற்றை 2021-ல் நூலாகவும் கொண்டுவந்தார். இப்படிப்பட்ட விமர்சகருக்கு நாற்காலி போடாத ஆசிரியர் சமூகம் சீக்கிரமே விற்பனைக் கிளையாகிவிடும்.

எட்யுபிளாகர்கான் பிறகு வேறு பெயர்களுக்கு மாறியது. கே-12 ஆன்லைன் பல ஆண்டுகள் நடந்து ஓய்ந்தது. டீச்மீட் இன்னும் நடக்கிறது. ஸ்காட்லாந்தில் அந்தப் பதிவெழுத்துக்கும் ஒரு தொடர்ச்சி உண்டு. கிளாஸ்கோவின் சாண்டேக் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை வலைப்பதிவு எழுத வைத்தவரும், டீச்மீட்டை வளர்த்தவர்களில் ஒருவருமான ஜான் ஜான்ஸ்டன், பின்னாளில் அந்நாட்டுப் பள்ளிகளுக்கான ‘குளோ’ இணையச் சேவையின் வலைப்பதிவுப் பிரிவில் பணியாற்றினார். வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்கும் அந்தச் சேவையில் ஸ்காட்லாந்தின் ஆசிரியர்களும் மாணவர்களும் தங்களுக்கென்று ஒரு வலைப்பதிவைத் திறந்துகொள்ளலாம். விளம்பரம் கிடையாது, பொதுப் பணத்தில் நடக்கிறது.