எருக்கஞ்செடி வெட்டுக்கிளி

ஒரகடத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சிப்காட் மனைக்காகப் புதரை அழித்த இடத்தில் அவர் மகனுக்கு ஒரு பச்சோந்தி கிடைத்திருக்கிறது. சாயங்காலம் சாலையோரம் பூச்சி பிடித்துக் கொடுக்கிறானாம். எதைக் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று கேட்கிறார்.

பச்சோந்தியின் நாக்கும் நிறமும் எல்லோரும் அறிந்தவை. நான் வெட்டுக்கிளியிலிருந்தே தொடங்குகிறேன்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரத்து எருக்கஞ்செடிகளில் மஞ்சளும் நீலமுமாக ஒரு வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும். கிட்டே போனாலும் பதறாது. பையன் கையில் முதலில் சிக்குவது அதுதான். அதன் குஞ்சைக் கிள்ளினால் உடம்பிலிருந்து ஒரு நீரைப் பீச்சும். எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது. அரளி விதையில் இருப்பதற்கு நெருங்கிய உறவு. இந்த வெட்டுக்கிளி எருக்கிலையைத் தின்று, அந்த நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்துவைக்கிறது. இதயத்தின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு புரதம் உண்டு. நஞ்சு அதை முடக்கினால் துடிப்பு தடுமாறும்.

மின்மினி எருக்கைத் தொடுவதில்லை. ஆனாலும் சில மின்மினிகளின் நஞ்சு தேரையின் நஞ்சைப் போன்றது. அதுவும் இதே புரதத்தைத்தான் முடக்குகிறது. அமெரிக்காவில் வளர்க்கப்பட்ட ‘பியர்டட் டிராகன்’ என்ற ஆஸ்திரேலிய ஓணான்கள் அங்குள்ள மின்மினியைத் தின்று இறந்ததை 1999-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஒரு செடி, ஒரு தேரை, ஒரு மின்மினி, மூன்றும் தனித்தனி வழியில் ஒரே இடத்தைத் தாக்கக் கற்றிருப்பது எனக்கு இன்றும் தீராத வியப்பு.

செம்பருத்திப் பூவில் கறுப்பும் ஆரஞ்சுமாகப் பட்டை போட்ட வண்டு ஒன்று மொய்க்கும். அதன் நீர் பட்டால் நம் தோலே கொப்பளிக்கும். அதுவும் அசையாமல்தான் உட்கார்ந்திருக்கும்.

பூச்சிமருந்து தெளித்த வயலிலும் கொசுப்புகை அடித்த தெருவிலும் சாகாமல் தள்ளாடும் பூச்சிதான் சுலபமாக அகப்படும். ஆரோக்கியமான வெட்டுக்கிளி தப்பித்துவிடும். கைக்கு எட்டுவதெல்லாம் சந்தேகத்துக்குரியது. வீட்டுக் கரப்பானிலோ குடல்புழுவின் இளம்பருவம் ஒளிந்திருக்கலாம்.

காட்டுப் பச்சோந்தியும் பூச்சிதானே தின்கிறது என்று கேட்கலாம். அங்கே அதற்குப் பல பூச்சி, பல கிளை. எங்கள் வீட்டு வெள்ளாடு மேய்ச்சலில் எருக்கை மோந்துவிட்டு நகர்ந்துவிடும். கட்டிப்போட்டுப் பட்டினி போட்டால் முன்னால் விழுந்த தழையைக் கடிக்கும். கூண்டிலுள்ள பச்சோந்தியும் அப்படித்தான்.

ஆகவே அம்மா, பூச்சிப் பட்டியல் எதையும் நான் தரப்போவதில்லை. இந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே பச்சோந்தி இனம் இதுதான். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. வீட்டில் வைத்திருப்பது குற்றம். மகனைத் திட்டாதீர்கள். ஜேசிபி வரும்போது ஓடத் தெரியாத உயிரை அவன் எடுத்து வந்திருக்கிறான். புதரை அள்ளும் முன் ஓர் ஆளை அனுப்பிக் கிளை கிளையாகப் பார்க்கச் சொல்ல எத்தனை நேரம் ஆகிவிடும்? மனை எடுப்பவர்களுக்கு அதுகூடத் தோன்றுவதில்லை என்பது எனக்கு வேதனை.

இன்றைக்கே வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை காற்றோட்டமான பெட்டியில் ஒரு கிளையை வைத்து, நிழலில் விடுங்கள். இலைமேல் தண்ணீர் தெளித்தால் நக்கிக்கொள்ளும். பூச்சி எதுவும் வேண்டாம்.