நாய்க்கு லீக்ஸ் போடலாமா?

வெலிமடைப் பக்கம் லீக்ஸ் நிறைய விளைகிறது. லயத்து வீடுகளில் மிஞ்சிய கறியைச் சோற்றோடு பிசைந்து நாய்க்குப் போடுவதும் வழக்கம்தான். ஆனால் லீக்ஸ் நாய்க்கு ஆகாது. வெங்காயம், வெள்ளைப்பூடு, லீக்ஸ் எல்லாம் ஒரே இனம். மனிதருக்குக் கெடுதி இல்லை. நாய்க்கோ, இவற்றிலுள்ள கந்தகம் கலந்த பொருள் இரத்தத்தின் சிவப்பு அணுக்களை உடைத்துவிடும். அவித்தாலும் வதக்கினாலும் அது போகாது.

10 கிலோ நிறையுள்ள நாய் 150 கிராம் வெங்காயம் தின்றாலே இரத்தம் கெடலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாலும் கெடுதிதான். உடனே தெரியாது. சில நாள் சென்று நாய் சோர்ந்து படுக்கும், முரசு வெளுக்கும், மூத்திரம் சாயத்தண்ணி மாதிரிப் போகும். பக்கத்து வீட்டார் மருந்து வைத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். மிருக வைத்தியரிடம் காட்டி, என்ன தின்றது என்று சொல்லுங்கள்.

அப்போ என்னதான் போடுவது? கரட், போஞ்சி, தோல் சீவிய உருளைக்கிழங்கு இவற்றை உப்பு, தூள் போடாமல் அவித்து, கொஞ்சமாகச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். பச்சை பிடித்த, முளைவிட்ட கிழங்கு வேண்டாம். லீக்ஸ் கறியும், வெங்காயம் தாளித்த பருப்பும் நமக்கு மட்டும் இருக்கட்டும்.

வாயில்லா ஜீவன். நாம்தான் பார்த்துப் போட வேண்டும்.