பெல்ஜியம் யாருக்கு?

ஏழு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மேசைமேல் ஐரோப்பாவின் வரைபடம். ஆட்டம் தொடங்குகிற ஆண்டு 1901. யாருக்கு எந்த நாடு என்று முதலில் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்கிறார்கள். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி. அதோடு அதிர்ஷ்டத்தின் வேலை முடிந்துவிட்டது. உருட்டத் தாயக்கட்டை இல்லை, கலைக்கச் சீட்டுக்கட்டும் இல்லை. அப்படியிருந்தும் அடுத்த சுற்றில் என்ன நடக்கும் என்று மேசையில் இருக்கும் ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

விளையாட்டின் பெயர் டிப்ளமசி. அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் 1954-இல் இதை உருவாக்கினார். சிறுவயதில் வீட்டுப் பரணில் கிடைத்த பழைய நிலப்படப் புத்தகத்தைப் புரட்டி, அதில் இப்போது இல்லாத நாடுகளையெல்லாம் பார்த்து வியந்தவர் அவர். விளையாட்டை வெளியிட நிறுவனங்கள் முன்வராததால் 1959-இல் தானே 500 பெட்டிகள் தயாரித்து விற்றார். பின்னாளில் அவர் தபால்காரராக வேலை பார்த்தார். பொருத்தம்தான்! 1960-களில் இந்த விளையாட்டைக் கடிதம் வழியாகவே ஆடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தபாலுக்காகக் காத்திருக்க வேண்டும். பொறுமைசாலிகள்.

விதிகள் கொஞ்சம்தான். ஒவ்வொரு நாட்டுக்கும் தொடக்கத்தில் மூன்று படைகள்; ரஷ்யாவுக்கு மட்டும் நான்கு. தரைப்படை, கப்பற்படை என்று இரண்டு வகை. வரைபடத்தில் 34 மையங்கள் குறிக்கப்பட்டிருக்கும். உங்களிடம் எத்தனை மையங்களோ, அத்தனை படைகளை வைத்துக்கொள்ளலாம். 18 மையங்களைப் பிடிப்பவர் வென்றவர். ஏன் 18? 34-இல் பாதி 17. பாதிக்குமேல் ஒன்று கிடைத்தால் மற்ற எல்லோரும் சேர்ந்தாலும் உங்களைவிடக் குறைவு.

ஒவ்வொரு சுற்றிலும் முதலில் பேச்சு. யாரும் யாரையும் தனியாக அழைத்துப்போய்க் காதைக் கடிக்கலாம். ஏழு பேர் என்றால் 21 ஜோடிகள் (7×6÷2). ஒரு சுற்றில் இத்தனை ரகசியப் பேச்சுகள் நடக்க வாய்ப்பிருக்கிறது. பேச்சு முடிந்ததும் அவரவர் படைக்கான கட்டளையைத் தாளில் மறைத்து எழுதுகிறார்கள். எல்லாத் தாள்களும் ஒன்றாகப் பிரிக்கப்படும். பேசியதைத்தான் எழுத வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அங்கேதான் விளையாட்டே இருக்கிறது.

இப்போது பெல்ஜியத்துக்கு வருவோம். ஆட்டத் தொடக்கத்தில் அது யாருக்கும் சொந்தமில்லை. பிரான்சின் படை பர்கண்டியில் நின்று அதைப் பார்க்கிறது. இங்கிலாந்தின் கப்பற்படை வட கடலில் நின்று அதையே பார்க்கிறது. எல்லாப் படைகளுக்கும் ஒரே பலம். இருவரும் ஒரே சமயத்தில் உள்ளே நுழையப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று; மோதி, இரண்டுமே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். அடுத்த முறையும் இதே கதைதான்.

பக்கத்தில் ரூர் பகுதியில் ஜெர்மனியின் படை ஒன்று நிற்கிறது. அது தானும் நகராமல், 'பர்கண்டியில் இருக்கும் படை பெல்ஜியம் போவதற்கு என் ஆதரவு' என்று ஒரு கட்டளை எழுதலாம். அப்போது பிரான்சின் பலம் இரண்டு, இங்கிலாந்தின் பலம் ஒன்று. பிரான்ஸ் உள்ளே போய்விடும். ஆனால் அந்த நேரத்தில் வேறு யாராவது ரூரைத் தாக்கினால் ஆதரவு அறுந்துபோகும்; தன்னைக் காத்துக்கொள்கிற படையால் அடுத்தவருக்குக் கைகொடுக்க முடியாது.

ஜெர்மனிக்கு இதில் என்ன கிடைத்தது? இந்தச் சுற்றில் ஒன்றுமே இல்லை. பிறகு எதற்கு உதவ வேண்டும்?

இதே கேள்வியை உயிரியல் அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள், வௌவால்களைப் பார்த்து. மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா என்ற நாட்டில் ரத்தம் குடிக்கும் வௌவால்கள் உண்டு. இரண்டு மூன்று நாள் ரத்தம் கிடைக்காவிட்டால் அவை செத்துப்போகும். வேட்டை கிடைக்காமல் பட்டினியாகத் திரும்பிய வௌவாலுக்கு, வயிறு நிறைந்த இன்னொரு வௌவால் தான் குடித்த ரத்தத்தைக் கக்கி ஊட்டுவதை ஜெரால்டு வில்கின்சன் என்ற விஞ்ஞானி கண்டறிந்து 1984-இல் எழுதினார். உறவு வௌவாலுக்கு மட்டுமல்ல, கூடவே பலகாலம் தங்கியிருக்கும் வேற்று வௌவாலுக்கும் ஊட்டுகிறது. இன்று நான் ஊட்டினால், நாளை நான் பட்டினி கிடக்கும்போது நீ ஊட்டுவாய் என்ற கணக்கு. வௌவால் உட்கார்ந்து கணக்குப் போடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். இப்படி நடந்துகொண்ட வௌவால்கள் பிழைத்தன, அந்தக் குணம் தங்கிவிட்டது. ஜெர்மனியும் அதையேதான் எதிர்பார்க்கிறது. இன்று பெல்ஜியம் உனக்கு, நாளை டென்மார்க்கில் எனக்குத் தொல்லை தராதே.

ஆனால் நாளை பிரான்ஸ் கைவிரித்துவிட்டால்?

ராபர்ட் ஆக்சல்ராடு என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு ஒரு போட்டி வைத்தார். ஆடியவை கணினி நிரல்கள். விதி இதுதான்: இரண்டு நிரல்களும் ஒத்துழைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. ஒன்று ஒத்துழைத்து மற்றது ஏமாற்றினால், ஏமாற்றியதற்கு 5, ஏமாந்ததற்கு 0. இரண்டுமே ஏமாற்றினால் ஆளுக்கு 1. ஒரே ஒரு சுற்று என்றால் ஏமாற்றுவதே லாபம். நீங்களே போட்டுப் பாருங்கள். ஆனால் இங்கே அதே ஜோடி நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஆட வேண்டும். பேராசிரியர்கள் பலர் தந்திரமான நீண்ட நிரல்களை அனுப்பினார்கள். வென்றது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரல். முதல் சுற்றில் ஒத்துழை. அதன்பிறகு போன சுற்றில் எதிராளி என்ன செய்தாரோ அதையே செய். அவ்வளவுதான். 62 நிரல்கள் வந்த இரண்டாவது போட்டியிலும் இதுவே முதலிடம்.

இதில் ஒரு வேடிக்கை: அந்த நிரலால் தனித்தனி ஆட்டம் எதிலும் எதிராளியைவிடக் கூடுதல் புள்ளி எடுக்கவே முடியாது! சமனாக முடியும், அல்லது கொஞ்சம் தோற்கும். எல்லோரையும் தன்னோடு ஒத்துழைக்க வைத்ததால்தான் மொத்தக் கூட்டலில் முந்தியது.

இன்னொரு விஷயமும் தெரியவந்தது. 'இதுதான் கடைசிச் சுற்று' என்று தெரிந்துவிட்டால், அதில் ஏமாற்றினால் திருப்பி அடிக்க ஆளில்லை. அதனால் இரண்டாவது போட்டியில் ஆட்டம் எப்போது முடியும் என்பதை ஆக்சல்ராடு முன்கூட்டிச் சொல்லவில்லை. டிப்ளமசி போட்டிகளிலும் 'இந்த ஆண்டோடு ஆட்டம் முடியும்' என்று அறிவித்துவிட்டால், அந்தக் கடைசி ஆண்டில் பழைய நண்பர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையே வேறு.

முதுகில் குத்துவதிலும் ஒரு கணக்கு உண்டு. நண்பனின் படைகள் தொலைவில் வேறு யாரோடோ சண்டையில் இருக்க வேண்டும். ஒரே அடியில் இரண்டு மூன்று மையங்களாவது பறிபோக வேண்டும். மையம் போனால் படையும் போகும், திருப்பி அடிக்கக் கை இருக்காது. ஒரே ஒரு மையத்துக்கு ஆசைப்பட்டுக் குத்தியவர்தான் அதிகம் மாட்டிக்கொள்வார். எதிரே கோபத்தோடு முழுப் படை நிற்கும், மற்ற ஐந்து பேரும் இனி அவர் பேச்சை நம்ப மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்தின் அழகான தந்திரம் அது இல்லை. ரஷ்யாவின் வார்சாவுக்கும் ஆஸ்திரியாவின் வியன்னாவுக்கும் நடுவே கலீசியா என்ற பகுதி இருக்கிறது. அதில் எதிராளியின் படை நுழைந்தால் இருவருக்குமே ஆபத்து. 'இருவரும் அங்கே போக வேண்டாம்' என்று பேசி வைத்தால்? ஒருவர் நம்பி இருப்பார், மற்றவர் புகுந்துவிடுவார். எனவே கெட்டிக்காரர்கள் நேர் எதிராகப் பேசிக்கொள்கிறார்கள்: 'இருவருமே ஒரே சமயத்தில் அங்கே படை அனுப்புவோம்.' ஒன்றுக்கு ஒன்று மோதும், இரண்டும் திரும்பும், கலீசியா காலியாகவே கிடக்கும். ஒருவர் பேச்சை மீறிப் படையை அனுப்பாமல் விட்டால், மற்றவர் படை உள்ளே நுழைந்துவிடும், நஷ்டம் மீறியவருக்கே. இதில் நம்பிக்கையே தேவையில்லை. தனியாக மாற்றிக்கொள்வதால் ஒருவருக்கும் லாபமில்லாத இப்படிப்பட்ட நிலையைக் கணித அறிஞர் ஜான் நாஷ் 1950-இல் விளக்கினார். அந்த ஆய்வுக்காக 1994-இல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

ஒருவர் மளமளவென்று வளர்ந்து 13, 14 மையங்களை எட்டும்போது மேசையே மாறிவிடும். நேற்றுவரை அடித்துக்கொண்டவர்கள் அருகருகே உட்காருவார்கள். வரைபடத்தின் குறுக்கே சரியான இடங்களில் படைகளை நிறுத்தி ஒன்றுக்கொன்று ஆதரவு எழுதிக்கொண்டால், எதிராளி எவ்வளவு முட்டினாலும் உடையாத வரிசை ஒன்று அமையும். அதற்குப் பின்னால் 17 மையங்களைக் காப்பாற்றிவிட்டால் போதும், மிச்சம் 17. பதினெட்டு கிடைக்காது, ஆட்டம் சமன். இந்தக் கூட்டில் நட்பு துளியும் இல்லை. பெரியவர் சுருங்கினால் கூட்டும் கலைந்துவிடும்.

கணினி இதை ஆடுமா? சதுரங்கத்தில் உலகச் சாம்பியன் காஸ்பரோவைக் கணினி 1997-இல் வென்றது. கோ விளையாட்டில் முன்னணி வீரர் லீ செடோலை 2016-இல் வென்றது. அங்கே பேச வேண்டியதில்லை. டிப்ளமசியில் பேசாமல் ஓர் அடிகூட நகர முடியாது. 2022 நவம்பரில் மெட்டா நிறுவன ஆய்வாளர்கள் 'சிசரோ' என்ற நிரலைப் பற்றி 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். மனிதர்கள் ஆடிய 40,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களின் உரையாடல்களைப் படித்துப் பழகியது அது. அதன் ஒரு பகுதி மற்றவர்கள் என்ன எழுதுவார்கள் என்று ஊகித்துத் திட்டம் போடும். இன்னொரு பகுதி அந்தத் திட்டத்துக்கு ஏற்பச் செய்தி எழுதும். முகம் தெரியாத இணைய ஆட்டக்காரர்களோடு 40 ஆட்டங்கள் ஆடி, மனிதர்களின் சராசரியைவிட இரண்டு மடங்குக்கு மேல் புள்ளி எடுத்தது. அதைப் பெரும்பாலும் உண்மை பேசும்படி பழக்கியதாக உருவாக்கியவர்கள் சொன்னார்கள். பதிவுகளைப் பிறகு அலசிய வேறு சில ஆய்வாளர்கள், அது ஒன்று சொல்லி வேறொன்று செய்த இடங்களையும் எடுத்துக் காட்டினார்கள்.

சிசரோவுக்குப் பதில் நீங்கள் உட்காருங்கள். நீங்கள் ஜெர்மனி. பர்கண்டியிலிருந்து பிரான்ஸ் பெல்ஜியத்துக்கு வருகிறது. பிக்கார்டியில் இருக்கும் அதன் இன்னொரு படை ஆதரவு தருகிறது. வட கடலிலிருந்து இங்கிலாந்தும் வருகிறது. ஆங்கிலக் கால்வாயில் நிற்கும் கப்பற்படை ஆதரவு. இரண்டுக்கு இரண்டு. உங்கள் ஆதரவு தனக்குத்தான் என்று இருவருமே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சு நேரத்தில் நீங்கள்தான் இருவருக்கும் தலையாட்டினீர்கள். ரூரில் இருக்கும் படைக்கு என்ன கட்டளை எழுதுவீர்கள்? தாள்களைப் பிரித்த பிறகு, தோற்றவரிடம் என்ன சொல்வீர்கள்?